அமெரிக்காவில் ஜெயித்த கட்சியால் ஏன் நினைத்ததைச் செய்ய முடிவதில்லை?

2025 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசு முடங்கியது. லட்சக்கணக்கான ஊழியர்களில் ஒரு பகுதியினர் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் போதாமல் விமானங்கள் ரத்தாயின. நவம்பர் 12 வரை, 43 நாள் இப்படியே போனது. அந்த நாட்டின் வரலாற்றில் இவ்வளவு நீண்ட முடக்கம் அதற்கு முன் வந்ததில்லை.

அப்போது அதிபராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப். பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை அதே கட்சிக்கு. செனட்டிலும் 100 பேரில் 53 பேர் அதே கட்சிக்காரர்கள். எல்லாம் ஒரே கட்சியிடம் இருக்கும்போது பட்ஜெட் எப்படி நிறைவேறாமல் போகும்? தமிழில் இந்தச் செய்தியைப் படித்த பலரும் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. நாடாளுமன்ற முறையில் பெரும்பான்மை உள்ளவர் ஆள்வார், நிதி மசோதா தோற்றால் ஆட்சி கவிழும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் செய்தியைப் படித்தால் பாதி வார்த்தைகள் புரியாது. அங்கே ஆட்சி கவிழ்வது என்ற பேச்சே கிடையாது. அதிகாரத்தை ஒரே கையில் தரக் கூடாது என்று முடிவெடுத்துக் கட்டிய அமைப்பு அது. செனட், வீட்டோ, ஃபிலிபஸ்டர், பிரைமரி, எலக்டோரல் காலேஜ் என்று செய்திகளில் வரும் சொற்கள் பெரும்பாலும் அந்த ஒரு முடிவோடு தொடர்புடையவை. அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்று கிளைகள், மூன்று வெவ்வேறு வழிகள்

1787-ல் ஃபிலடெல்ஃபியா நகரில் எழுதப்பட்ட அரசியல் சாசனம் 1789-ல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து போராடி விடுபட்ட தலைமுறை எழுதிய சாசனம் அது. தங்கள் நாட்டிலும் இன்னொரு மன்னர் உருவாகிவிடக் கூடாது என்பது அவர்களுடைய பெரிய பயம். அதனால் அரசை மூன்றாகப் பிரித்தார்கள்.

1. காங்கிரஸ். சட்டம் இயற்றுவதும் அரசுப் பணத்தை ஒதுக்குவதும் இதன் வேலை. பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள் கொண்டது. நம் ஊர் காங்கிரஸ் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நாடாளுமன்றத்தின் பெயர்.

2. அதிபர். நான்கு ஆண்டுப் பதவி. 1951-ல் நடைமுறைக்கு வந்த 22-ஆவது திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது.

3. உச்ச நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகள். அதிபர் பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஓய்வு வயது கிடையாது. தாமாக விலகாத வரை ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். சாசனத்துக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை இந்த நீதிமன்றம் 1803-ல் தந்த ஒரு தீர்ப்பின் வழியே தானே நிலைநாட்டிக்கொண்டது.

மூன்று கிளை எல்லா நாட்டிலும் இருக்கிறதே என்று தோன்றலாம். வித்தியாசம் அவை உருவாகும் வழியில் இருக்கிறது. நாடாளுமன்ற முறையில் பிரதமர் சபையிலிருந்து வருகிறார், சபையின் ஆதரவு இருக்கும்வரைதான் பதவியில் இருக்கிறார். அமெரிக்க அதிபர் காங்கிரஸிலிருந்து வருவதில்லை. காங்கிரஸில் அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தாலும் அவர் பதவி போகாது. அதேபோல, அவர் நினைத்தாலும் காங்கிரஸைக் கலைக்க முடியாது. தேர்தல் தேதிகள் முன்பே நிலையாக எழுதிவைக்கப்பட்டவை. இரண்டு தரப்பும் பிடிக்காவிட்டாலும் சேர்ந்து காலம் தள்ளியே ஆக வேண்டும்.

அமைச்சர்களும் அப்படித்தான். ஒரே நபர் காங்கிரஸ் உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருக்க சாசனம் அனுமதிப்பதில்லை. 2025 ஜனவரியில் மார்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சரானபோது ஃப்ளோரிடா செனட்டர் பதவியை விட்டு விலகினார். அமைச்சருக்கு அங்கே 'செகரட்டரி' என்று பெயர். 'செகரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்று வந்தால் மட்டும் கவனம் தேவை: மத்திய அரசில் அவர் வெளியுறவு அமைச்சர், மாநிலங்களில் அதே பெயருள்ளவர் பெரும்பாலும் தேர்தலை நடத்தும் அதிகாரி.

சபாநாயகர் பதவியும் நாம் பழகியது போன்றதல்ல. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நடுநிலை வகிக்க வேண்டியவர் அல்ல. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அவர்தான். எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்பது பெரும்பாலும் அவர் கையில். 2023 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி 15 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தார். அக்டோபர் 3-ஆம் தேதி சொந்தக் கட்சியினர் சிலரே எதிராக வாக்களித்து, 216-க்கு 210 என்ற கணக்கில் அவரை இறக்கினார்கள். சபைக்கு மூன்று வாரம் நிரந்தரத் தலைவரே இல்லை. அப்போதும் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜோ பைடனின் நிர்வாகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அது சபையின் ஆதரவில் நிற்கவில்லை. அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி என்ற இந்த நிலைக்குப் பிளவுபட்ட அரசு என்று பெயர். அங்கே அது அடிக்கடி நடப்பதுதான்.

இரண்டு அவைகள்: ஒன்று மக்கள்தொகைக்கு, ஒன்று மாநிலத்துக்கு

பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும். பதவிக்காலம் இரண்டே ஆண்டு. அதனால் இந்தச் சபை உறுப்பினர்கள் ஜெயித்த மறுநாளே அடுத்த தேர்தலுக்குப் பணம் திரட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர், மொத்தம் 100 பேர். பதவிக்காலம் ஆறு ஆண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் வராது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு நடக்கும். 2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் சுமார் 3.95 கோடி பேர், வயோமிங்கில் சுமார் 5.77 லட்சம் பேர். கிட்டத்தட்ட 68 மடங்கு வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் தலா இரண்டு செனட்டர்கள். சிறிய மாநிலங்கள் ஒன்றியத்தில் சேர வேண்டும் என்பதற்காக 1787-ல் செய்துகொண்ட சமரசம் இது. அன்று அது தேவைப்பட்டிருக்கலாம். இன்று ஒரு வயோமிங் வாக்காளரின் சொல்லுக்கு கலிஃபோர்னியா வாக்காளரின் சொல்லைவிடப் பல மடங்கு எடை இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அங்கேயே பலர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு மாநிலத்தின் செனட் சமத்துவத்தை அந்த மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் திருத்தத்தின் மூலமும் பறிக்க முடியாது என்று சாசனமே எழுதிவைத்திருக்கிறது.

அமைச்சர்கள், நீதிபதிகள், தூதர்களுக்கு ஒப்புதல் தருவது செனட் மட்டும். வெளிநாட்டு ஒப்பந்தம் செல்ல அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். துணை அதிபர்தான் செனட்டின் தலைவர். வாக்கு சமமாகப் பிரிந்தால் மட்டும் அவர் வாக்களிப்பார். 2025 ஜூலை 1-ஆம் தேதி டிரம்ப்பின் பெரிய வரி மசோதா 50-50 என்று நின்றபோது ஜே.டி. வான்ஸின் வாக்குதான் அதைக் கரையேற்றியது.

'இம்பீச்மென்ட்' என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் அதிபர் மீது குற்றம் சாட்டுவதுதான் இம்பீச்மென்ட். விசாரித்து நீக்குவது செனட்டின் வேலை. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-ல், பில் கிளின்டன் 1998-ல், டிரம்ப் 2019-லும் 2021-லும் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவரையும் செனட் நீக்கவில்லை. ரிச்சர்ட் நிக்ஸன் 1974-ல் சபை வாக்களிப்பதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். ஆக, 'பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது' என்ற தலைப்பைப் பார்த்தால் எந்த அவையில் நிறைவேறியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு மசோதா எப்படி இறந்துபோகிறது

மசோதா சட்டமாக வேண்டுமென்றால் இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும், அதிபர் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தால் அது வீட்டோ. வீட்டோவை முறியடிக்க இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் வாழும் பல தமிழ்க் குடும்பங்கள் நேரடியாக அனுபவித்த ஒரு உதாரணம் இருக்கிறது.

வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் கிரீன் கார்டுகள் தரப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம். மக்கள்தொகை மிகுந்த இந்தியாவுக்கும் சின்னஞ்சிறு ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. அதனால்தான் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டுக்கு நீள்கிறது. பிள்ளைகள் 21 வயது ஆனதும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுகிறார்கள். வேலை அடிப்படையிலான பிரிவில் இந்த நாட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதாவுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்:

1. 2019 ஜூலை 10-ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 365-க்கு 65 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது. இரண்டு கட்சியினரும் பெருவாரியாக ஆதரித்தார்கள்.

2. செனட்டில் அதை 'ஒருமித்த சம்மதம்' என்ற விரைவு வழியில் கொண்டுபோகப் பார்த்தார்கள். அந்த வழியில் ஒரே ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபம் சொன்னாலும் மசோதா நின்றுவிடும். அப்படி ஆட்சேபங்கள் வந்துகொண்டே இருந்தன.

3. பல மாற்றங்களுக்குப் பிறகு 2020 டிசம்பர் 2-ஆம் தேதி செனட்டும் ஒரு வடிவத்தை நிறைவேற்றியது. ஆனால் அந்த வாசகமும் சபையின் வாசகமும் ஒன்றல்ல.

4. இரண்டையும் ஒன்றாக்கும் முன் 2021 ஜனவரி 3-ஆம் தேதி அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் சட்டமாகாத மசோதாக்கள் எல்லாம் காலாவதி.

இரண்டு அவைகளும் 'சரி' என்று சொன்ன பிறகும் சட்டம் வரவில்லை. அதிபர் வீட்டோ செய்யவில்லை, நீதிமன்றம் தடுக்கவில்லை. வாசகம் ஒத்துப்போகவில்லை, நேரம் முடிந்தது, அவ்வளவுதான். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு அதிபர் தேர்தலின்போதும் நம்பிக்கை பிறக்கிறது. அவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வெள்ளை மாளிகை அல்ல, காங்கிரஸ். நாட்டு உச்சவரம்பை அதிபர் கையெழுத்தால் மாற்ற முடியாது.

ஃபிலிபஸ்டர்: 51 இருந்தும் 60 தேவைப்படுவது ஏன்

இப்போது அந்த 43 நாள் முடக்கத்துக்கு வரலாம். செனட்டில் விவாதத்துக்கு இயல்பாக முடிவு கிடையாது. உறுப்பினர்கள் பேசிக்கொண்டே இருந்து ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் செய்யலாம். இதுதான் ஃபிலிபஸ்டர். விவாதத்தை முடிக்க ஒரு விதியை 1917-ல் கொண்டுவந்தார்கள். 1975 முதல் அதற்கு 100-ல் 60 பேர் வேண்டும். சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 1957-ல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். இன்று அப்படி நின்று பேசத் தேவையில்லை. 41 பேர் விவாதத்தை முடிக்கச் சம்மதிக்காவிட்டால் போதும், மசோதா நகராது.

ஃபிலிபஸ்டர் சாசனத்தில் இல்லை. செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. சிறுபான்மைக் கட்சியோடு பேசி இணக்கத்துக்கு வரவைக்கும் கருவி என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களைப் பல பத்தாண்டுகள் தடுத்து வைத்ததும் இதே கருவிதான்; அதை மறந்துவிட்டு இதன் நன்மையைப் பேசக் கூடாது.

இதற்கு மூன்று பெரிய விலக்குகள் உண்டு. அமைச்சர்களுக்கும் கீழ்நிலை நீதிபதிகளுக்கும் 2013 முதல் சாதாரணப் பெரும்பான்மை போதும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் 2017-ல் அப்படியே ஆனது. மூன்றாவது, 'ரீகன்சிலியேஷன்' எனப்படும் தனி வழி: வரி, செலவு சம்பந்தப்பட்ட மசோதாவைச் சில கட்டுப்பாடுகளோடு 51 வாக்கில் முடிக்கலாம். வான்ஸின் வாக்கில் தப்பிய வரி மசோதா இந்த வழியில்தான் வந்தது.

அரசின் ஆண்டுச் செலவுக்கான ஒதுக்கீட்டு மசோதாக்களுக்கு வழக்கமாக இந்த விலக்கு இல்லை. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால் அரசுத் துறைகள் பணம் செலவழிக்கச் சட்டப்படி அனுமதி இல்லை, அதுதான் 'ஷட்டவுன்'. 2025-ல் குடியரசுக் கட்சிக்கு 53 இடம், தேவை 60. காலாவதியாகும் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் ஆதரவு என்று ஜனநாயகக் கட்சி நின்றது. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் மாறி வாக்களிக்க, 60-க்கு 40 என்று மசோதா செனட்டைத் தாண்டியது. மானிய நீட்டிப்பு அதில் இல்லை.

அதிபரின் ஆணை எவ்வளவு தூரம் செல்லும்

காங்கிரஸ் இப்படித் தேங்கும்போது அதிபர்கள் நிர்வாக ஆணைகளை நோக்கிப் போகிறார்கள். ஏற்கெனவே உள்ள சட்டத்தை நிர்வாகம் எப்படிச் செயல்படுத்த வேண்டும் என்று அதிபர் இடும் கட்டளை அது. வேகமானது. அதே வேகத்தில் அடுத்தவர் ரத்து செய்யவும் முடியும்.

பாரிஸ் பருவநிலை உடன்பாட்டைப் பாருங்கள். ஒபாமா 2016-ல் அதிபரின் சொந்த அதிகாரத்தில் சேர்ந்தார். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்க வாய்ப்பே இல்லை என்பதால் அங்கே கொண்டுபோகவில்லை. டிரம்ப் விலகினார்; அந்த விலகல் 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பைடன் 2021-ல் திரும்பச் சேர்ந்தார். 2025 ஜனவரி 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டார்.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று வந்த அறிவிப்பும் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அல்ல, அதிபரின் பிரகடனம். உடனே வழக்குகள் தொடரப்பட்டன. இப்படி ஒரு செய்தி வந்தால், பீதியடையும் முன் கேட்க வேண்டியது: இது சட்டமா, ஆணையா, வெறும் அறிவிப்பா? சட்டமென்றால் மாற்ற காங்கிரஸ் வேண்டும். ஆணையென்றால் நீதிமன்றமோ அடுத்த அதிபரோ போதும்.

கட்சி உண்டு, மேலிடம் இல்லை

ஜனநாயகக் கட்சிக்குக் கழுதைச் சின்னம், நீல நிறம். குடியரசுக் கட்சிக்கு யானை, சிவப்பு. சிவப்பு என்றதும் நமக்கு இடதுசாரி நினைவு வரும். அங்கே நேர் எதிர். இந்த நிறப் பங்கீடு 2000 தேர்தல் தொலைக்காட்சி வரைபடங்களிலிருந்துதான் நிலைத்தது. 'ஜி.ஓ.பி.' என்றாலும் குடியரசுக் கட்சியேதான். பொதுவாகச் சொன்னால், குறைந்த வரி, குறைந்த அரசுத் தலையீடு, மரபுவழிச் சமூகப் பார்வை, துப்பாக்கி உரிமை ஆகியவை குடியரசுக் கட்சியின் பக்கம். நலத்திட்டங்கள், தொழிற்சங்கங்கள், சிறுபான்மையினர் உரிமை, கருக்கலைப்பு உரிமை ஆகியவை ஜனநாயகக் கட்சியின் பக்கம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அடிமை முறை பரவுவதை எதிர்த்து 1854-ல் பிறந்த கட்சி குடியரசுக் கட்சி; ஆபிரகாம் லிங்கன் அதன் முதல் அதிபர். தென் மாநில வெள்ளையர்களின் கட்சியாக நூறாண்டு இருந்தது ஜனநாயகக் கட்சி. அதே கட்சியின் அதிபர் லிண்டன் ஜான்சன் 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு தென் மாநிலங்கள் மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போயின. லிங்கனின் கட்சி என்பதால் இன்றும் அதே கொள்கை என்றோ, அன்று அடிமை முறையை ஆதரித்த கட்சி என்பதால் இன்றும் அப்படித்தான் என்றோ வாதிடுவது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவது.

மூன்றாவது கட்சிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு வாங்கியவருக்கே எல்லாம் என்பதால் வளர முடிவதில்லை. 1992-ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ சுமார் 19 சதவீத வாக்கு வாங்கினார். ஆனால் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் (இவர்களைப் பற்றிப் பின்னால் வரும்) ஒருவர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

நமக்குப் பிடிபடக் கடினமான விஷயம் இதுதான்: யாருக்கு சீட் என்று கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. 'பிரைமரி' என்ற முதல்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை நடத்துவது மாநில அரசு. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று குறிக்கலாம். அந்தக் கட்சியின் பதிவு வாக்காளர்கள் மட்டும் பங்கேற்றால் 'மூடிய பிரைமரி', யார் வேண்டுமானாலும் பங்கேற்கலாம் என்றால் 'திறந்த பிரைமரி'. வாக்குச்சீட்டுக்குப் பதில் ஊர் ஊராகக் கட்சிக் கூட்டம் போட்டுத் தீர்மானித்தால் அது 'காகஸ்'.

இதன் விளைவு பெரியது. 2014-ல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவரான எரிக் கேன்டர், பெயர் தெரியாத ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 2018-ல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் பத்து முறை ஜெயித்த மூத்த உறுப்பினரைத் தோற்கடித்தார். கட்சித் தலைமையால் ஒருவருக்கு சீட் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டமும் இல்லை. அதனால்தான் 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பகுதிகளை நீக்கும் மசோதாவை ஜான் மெக்கெய்ன் உள்ளிட்ட மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் தோற்கடித்தும் பதவியில் தொடர முடிந்தது. உறுப்பினர்கள் பயப்படுவது கொறடாவுக்கு அல்ல, அடுத்த பிரைமரிக்கு. அந்தப் பிரைமரிகளில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு, தீவிரமானவர்கள் அதிகம். இரு கட்சிகளும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதிபர் வேட்பாளருக்கும் இதே முறைதான், ஒரு படி கூடுதலாக. மாநிலப் பிரைமரிகளில் வாங்கும் வாக்குக்கு ஏற்ப 'டெலிகேட்' எனும் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். அவர்கள் கோடையில் கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை உறுதி செய்வார்கள். 2024 ஜூலை 21-ஆம் தேதி பைடன் போட்டியிலிருந்து விலகியபோது பிரைமரிகள் முடிந்திருந்தன. துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் அதிபர் பதவிக்காக அந்த ஆண்டு ஒரு பிரைமரியிலும் நிற்காமல் வேட்பாளரானது இந்த டெலிகேட்டுகளின் வாக்கால்தான்.

எலக்டோரல் காலேஜ்: அதிக வாக்கு வாங்கியும் தோற்பது

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் காங்கிரஸில் அதற்குள்ள இடங்களின் எண்ணிக்கைக்குச் சமமாகத் தேர்வாளர்கள் உண்டு. 435-ம் 100-ம் சேர்ந்து, தலைநகர் வாஷிங்டனுக்கு 3 கூட்டினால் 538. அதில் 270 பெற்றவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள்.

2000-ல் அல் கோர் நாடு முழுக்கச் சுமார் 5.4 லட்சம் வாக்கு அதிகம் வாங்கினார். ஃப்ளோரிடாவில் 537 வாக்கில் தோற்று, அதிபர் பதவியை இழந்தார். 2016-ல் ஹிலாரி கிளின்டன் சுமார் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கித் தோற்றார். இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: 2020-ல் பைடன் 70 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்தார். ஆனால் அரிஸோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் சேர்த்து அவருடைய முன்னிலை சுமார் 43,000 மட்டுமே. அந்த மூன்றும் மறுபக்கம் போயிருந்தால் 269-269. அப்போது பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் அதிபரைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

'ஸ்விங் ஸ்டேட்', அதாவது எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம், என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். கலிஃபோர்னியா யாருக்கு என்பது முன்பே தெரியும், வயோமிங்கும் அப்படியே. 2024-ல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிஸோனா, நெவாடா ஆகிய ஏழில்தான் பிரசாரப் பணம் கொட்டப்பட்டது. ஏழையும் டிரம்ப் வென்றார், 312-க்கு 226.

தேர்தலை நடத்துவது யார்

இந்தியாவில் இருப்பது போல நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம் அங்கே தேர்தலை நடத்துவதில்லை. மத்தியத் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஒன்று உண்டு. அது பிரசாரப் பணத்தைக் கண்காணிப்பதற்கு மட்டும். வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் மாநிலச் சட்டப்படி, நம் மாவட்டம் போன்ற 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகளில் உள்ளூர் அதிகாரிகளால் நடக்கின்றன. அடையாள அட்டை வேண்டுமா, அஞ்சல் வாக்கு எப்போது வரை ஏற்கப்படும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இரவில் முன்னிலையில் இருந்தவர் காலையில் பின்தங்குவதற்கு இதுதான் காரணம். பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்கு உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கவே சட்டம் இடம் தரவில்லை. 2020-ல் அந்த வாக்குகள் கடைசியில் எண்ணப்பட்டன; அவை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தவை. மோசடி என்று பரப்பப்பட்டது இந்த எண்ணும் வரிசையைத்தான். 2021 ஜனவரி 2-ஆம் தேதி டிரம்ப் ஜார்ஜியாவின் தேர்தல் அதிகாரி பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்கைக் 'கண்டுபிடிக்க' வேண்டும் என்றார். அந்த அதிகாரியும் குடியரசுக் கட்சிக்காரர். மறுத்துவிட்டார். தேர்தல் ஆயிரம் கைகளில் சிதறிக் கிடப்பது குழப்பம்தான், ஆனால் அன்று அதுவே காப்பாற்றியது.

சிதறலின் மோசமான பக்கம் தொகுதி வரைவு. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லையை வரைவது மாநிலச் சட்டமன்றம், அதாவது அங்கே பெரும்பான்மை உள்ள கட்சி. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒரே தொகுதியில் அடைப்பது, அல்லது பல தொகுதிகளில் சிதறடிப்பது என்று வளைத்து வளைத்து வரைவதற்கு 'ஜெர்ரிமேண்டர்' என்று பெயர். 1812-ல் அப்படி ஒரு வரைபடத்துக்குக் கையெழுத்திட்ட மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் பெயரால் வந்தது. கட்சி லாபத்துக்காகச் செய்யும் ஜெர்ரிமேண்டரை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. 2025-ல் டெக்ஸஸ், கணக்கெடுப்புக்குக் காத்திருக்காமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும் நோக்கில் வரைபடத்தைத் திருத்தியது. கலிஃபோர்னியா அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு மூலம் எதிர்த்திசையில் அதையே செய்தது. யார் தொடங்கினாலும் வாக்காளரின் கையிலிருந்து முடிவைப் பிடுங்கும் வேலை இது. ஃபிலிபஸ்டரைவிட, எலக்டோரல் காலேஜைவிட இதுதான் அந்த ஜனநாயகத்துக்கு அதிகக் கேடு செய்கிறது என்பேன்.

2026 நவம்பரில் எதைப் பார்க்க வேண்டும்

அதிபர் தேர்தல்களுக்கு நடுவில் வரும் காங்கிரஸ் தேர்தலுக்கு 'மிட்டேர்ம்' என்று பெயர். காலியிடத்துக்கு நடக்கும் நம் இடைத்தேர்தல் வேறு. 2026 நவம்பர் 3-ஆம் தேதி பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், சிறப்புத் தேர்தல்கள் இரண்டையும் சேர்த்து செனட்டின் 35 இடங்களுக்கும், 36 மாநில ஆளுநர் பதவிகளுக்கும் வாக்குப்பதிவு. அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர்.

மிட்டேர்மில் அதிபரின் கட்சி சபையில் இடங்களை இழப்பதே வழக்கம். கடந்த நூறாண்டில் 1934, 1998, 2002 ஆகிய மூன்று முறைதான் கூடியிருக்கிறது.

1. பிரதிநிதிகள் சபை எதிர்க்கட்சிக்குப் போனால்: அதிபர் மாறமாட்டார், அவருடைய ஆணைகளும் தானாக ரத்தாகாது. ஆனால் குழுத் தலைவர்கள் மாறுவார்கள். நிர்வாகத்தை விசாரிக்கவும் ஆவணங்களைக் கோரவும் அதிகாரம் கைமாறும். ரீகன்சிலியேஷன் வழியில் ஒரே கட்சி தனியாக வரிச் சட்டம் கொண்டுவருவது நின்றுபோகும்.

2. செனட் போனால்: நீதிபதி நியமனங்கள் சிக்கும். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானபோது ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை அன்றைய குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை விசாரணைக்கே எடுக்கவில்லை. அந்த இடம் அடுத்த அதிபருக்குக் காத்திருந்தது.

3. இரண்டும் போனாலும்: வீட்டோவை முறியடிக்கும் மூன்றில் இரண்டு பங்கு எந்தக் கட்சிக்கும் கிடைப்பது கடினம்.

முடிவு வந்த அன்றே எதுவும் மாறாது. பழைய உறுப்பினர்களைக் கொண்ட சபையே சுமார் இரண்டு மாதம் தொடர்ந்து கூடும்; தோற்றவர்களும் அதில் வாக்களிப்பார்கள். தேங்கிய மசோதாக்களை அவசரமாக முடிப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். புதிய காங்கிரஸ் பதவியேற்பது 2027 ஜனவரி 3-ஆம் தேதி.